ஏஐ ஏஜென்டுக்கு எழுதிய தரவுத்தள வழிமுறை ஆவணத்தை மதிப்பிடுவது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு

கிளவுட் தரவுத்தளத்தை ஏஐ ஏஜென்ட் (சொன்ன வேலையைத் தானே படிப்படியாகச் செய்யும் ஏஐ மென்பொருள்) சரியாகக் கையாள வேண்டும் என்பதற்காக ஒரு வழிமுறை ஆவணத்தை எழுதி முடித்துவிட்டு, அது உண்மையில் பயன்படுகிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தெரியாமல் நிற்கிறீர்கள் என்றால், இந்த வழிகாட்டி உங்களுக்கானது. நான் அந்த இடத்தில் ஆறு வாரம் நின்றேன். அதில் முதல் மூன்று வாரம் முழுக்க வீண். உடன் பணிபுரிந்தோர் ஆவணத்தை வாசித்துப் பாராட்டினார்கள், நானும் நான்கு முறை செப்பனிட்டேன். கடைசியில் அளந்து பார்த்தபோதுதான், பெரும்பாலான வேலைகளில் ஆவணத்தைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஏஜென்ட் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது என்பதும், ஒரு வேலையில் ஆவணத்தைக் கொடுத்த பிறகு முன்னைவிட மோசமாகச் செய்கிறது என்பதும் தெரிய வந்தன.

இங்கே சொல்லப்படும் உதாரணங்கள் பெரும்பாலும் சூபாபேஸ் என்ற கிளவுட் தரவுத்தளச் சேவையைச் சார்ந்தவை. அதன் அடியில் இருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் என்பதால், போஸ்ட்கிரெஸ் அடிப்படையிலான மற்றச் சேவைகளுக்கும் இவற்றில் பல அப்படியே பொருந்தும். வேறு வகைத் தரவுத்தளம் என்றால் பணிகள் மாறும், படிகள் மாறா.

1. ஆவணம் ஏஜென்டின் கண்ணில் எப்போது படுகிறது என்று பாருங்கள்

வழிமுறை ஆவணங்களில் இரண்டு வகை உண்டு. வேலை தொடங்கும்போதே முழுவதுமாக ஏஜென்டிடம் போய்ச் சேருவது ஒரு வகை. ரெப்போவில் (நிரல் கோப்புகளின் தொகுப்பில்) வைக்கப்படும் ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்பு அப்படிப்பட்டது. தேவை என்று தோன்றினால் மட்டும் ஏஜென்ட் தானே திறந்து படிப்பது இன்னொரு வகை. 2025 அக்டோபரில் ஆந்த்ராபிக் (கிளாட் மாடல்களை உருவாக்கும் நிறுவனம்) அறிமுகப்படுத்திய ஸ்கில் கோப்புகள் அப்படிப்பட்டவை. ஸ்கில் கோப்பைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் ஏஜென்டுக்குத் தெரிவது அதன் பெயரும் விவரணையும் மட்டுமே. பெயருக்கு 64 எழுத்துக்குறிகள், விவரணைக்கு 1024 எழுத்துக்குறிகள் என்பது உச்சவரம்பு. உள்ளே நீங்கள் என்னதான் எழுதி வைத்திருந்தாலும், அந்த விவரணையைப் பார்த்து ஏஜென்ட் கோப்பைத் திறக்காவிட்டால் அது இல்லாததற்குச் சமம்.

நான் முதலில் சறுக்கியது இங்கேதான். "தரவுத்தளத்துக்கான சிறந்த நடைமுறைகள்" என்ற பொருளில் ஒரே வரியில் விவரணை எழுதியிருந்தேன். பத்து ஓட்டங்களில் (ஒரு வேலையை ஏஜென்டிடம் கொடுத்து ஒருமுறை முடிக்கவிடுவது ஓர் ஓட்டம்) மூன்றில் மட்டுமே ஏஜென்ட் கோப்பைத் திறந்திருந்தது. பயனர் எந்தச் சொற்களில் வேலை கேட்பாரோ அந்தச் சொற்களை, அதாவது டேபிள், மைக்ரேஷன், லாகின், பெர்மிஷன், கனெக்ஷன் எரர் போன்றவற்றை, விவரணையில் சேர்த்த பிறகு நிலைமை மாறியது. ஆகவே, உங்கள் ஆவணம் இரண்டாம் வகை என்றால், "திறந்ததா?", "திறந்த பின் அதன்படி நடந்ததா?" என்ற இரண்டு கேள்விகளையும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கலந்துவிட்டால், விவரணையில் இருக்கும் பிழைக்காக உள்ளடக்கத்தைத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள்.

2. சேகரித்து வைக்க வேண்டியவை

ஓட்டங்களைத் தொடங்கும் முன் கீழ்க்கண்டவை கையில் இருக்க வேண்டும். பாதியில் தேடத் தொடங்கினால் முந்தைய ஓட்டங்களோடு ஒப்பிட முடியாமல் போய்விடும்.

- ஆவணத்தின் உறைய வைத்த ஒரு பதிப்பு. கிட்டில் (கோப்புகளின் பதிப்புகளைப் பதிந்துவைக்கும் கருவி) கமிட் செய்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டங்களுக்கு நடுவே ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றக் கூடாது.
- தரவுத்தளச் சேவையின் அதிகாரபூர்வ ஆவணங்களும் மாற்றப் பட்டியலும்.
- ஏஜென்டை இயக்கும் ஏஐ மாடலின் முழுப் பெயரும் பதிப்பும், ஏஜென்ட் மென்பொருளின் பதிப்பும். "சமீபத்தியது" என்று அமைப்பில் விட்டுவைத்தால், ஒரு வாரம் கழித்து எடுத்த ஓட்டத்தை முந்தையதோடு ஒப்பிட வழியில்லை.
- மாடல் வழங்குநரின் விலைப்பட்டியல்.
- கூற்றுப் பட்டியல். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கூற்றுப் பட்டியல் என்பது, ஆவணத்தில் உள்ள ஒவ்வொரு கட்டளையையும் உண்மைச் செய்தியையும் தனித்தனி வரியாகப் பிரித்து எழுதுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: அது இன்றைக்கும் உண்மையா, மாடலுக்கு ஏற்கெனவே தெரியுமா, அதை மீறினால் தரவுத்தளத்தில் கண்ணுக்குத் தெரியும்படி என்ன நடக்கும். மூன்றாவது கட்டத்தில் எழுத எதுவும் இல்லாத வரிகளை ("பாதுகாப்பை மனத்தில் கொள்ளவும்" போன்றவை) அப்போதே நீக்கிவிடலாம்; அவற்றைச் சோதிக்கவே முடியாது. முதல் கட்டத்துக்கு அதிகாரபூர்வ ஆவணத்தோடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். சூபாபேஸில், நிரல்கள் தரவுத்தளத்தை அணுகப் பயன்படும் பழைய அனான் (பொதுப் பயன்பாட்டுக்கானது), சர்வீஸ் ரோல் (முழு உரிமை உள்ளது) சாவிகளுக்குப் பதிலாகப் பப்ளிஷபிள், சீக்ரெட் என்ற புதுவகைச் சாவிகள் 2025-இல் வந்துவிட்டன. பழைய பெயர்களை மட்டும் சொல்லும் ஆவணம், புதிய திட்டத்தில் வேலை செய்யும் ஏஜென்டை இல்லாத சாவியைத் தேட வைக்கக்கூடும்.

இரண்டாவது கட்டத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆவணம் எதுவும் கொடுக்காமல் மாடலிடம் அந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்டுப் பாருங்கள். ஓர் உதாரணம் (ஃபாரின் கீ என்பது இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் நெடுவரிசை, இண்டெக்ஸ் என்பது தேடலை விரைவாக்கும் பட்டியல்): "ஃபாரின் கீ வைத்தால் போஸ்ட்கிரெஸ் அந்த நெடுவரிசைக்குத் தானாக இண்டெக்ஸ் போடுமா?" என்று கேட்டால், போடாது என்ற சரியான விடையை இன்றைய மாடல்கள் பெரும்பாலும் சொல்லிவிடும். ஆனால் விடை தெரிவது வேறு, வேலையின் நடுவே அது நினைவுக்கு வருவது வேறு. கேட்டால் சொல்கிறது, செய்யும்போது மறக்கிறது என்ற வகைக் கூற்றுகளுக்குத்தான் ஆவணத்தில் இடம் கொடுக்க வேண்டும்.

3. தனித்த தரவுத்தளத்தை ஏற்பாடு செய்யுங்கள்

உண்மையான வாடிக்கையாளர் தரவு இருக்கும் தரவுத்தளத்தில் ஒருபோதும் சோதிக்காதீர்கள். அதன் நகலிலும் வேண்டாம், நகலிலும் தொலைபேசி எண்கள் இருக்கும். கற்பனைத் தரவை உருவாக்கும் ஒரு விதைக் கோப்பை எழுதி, ஒவ்வோர் ஓட்டத்துக்கும் முன் தரவுத்தளத்தை முழுவதும் அழித்துவிட்டு அதிலிருந்து மீண்டும் உருவாக்குங்கள். முந்தைய ஓட்டத்தில் ஏஜென்ட் போட்ட இண்டெக்ஸ் அப்படியே இருந்தால், அடுத்த ஓட்டம் எதுவும் செய்யாமலேயே தேறிவிடும்.

சூபாபேஸைப் பொறுத்தவரை, டாக்கர் (மென்பொருளைக் கன்டெய்னர் எனும் தனித்த சூழலில் இயக்கும் கருவி) இருந்தால் சூபாபேஸின் கட்டளைவரிக் கருவியைக் கொண்டு முழுத் தொகுப்பையும் சொந்தக் கணினியிலேயே இயக்கலாம். செலவு எதுவும் இல்லை, அழித்து உருவாக்குவதும் சுலபம். ஆனால் இணைப்பு தொடர்பான பணிகளுக்கு இது போதாது. கிளவுடில், பூலரின் (தரவுத்தள இணைப்புகளைப் பலருக்குப் பகிர்ந்தளிக்கும் மென்பொருள்) 6543 போர்ட் பரிவர்த்தனை முறையில் இயங்குகிறது, அதில் பிரிப்பேர்ட் ஸ்டேட்மென்டுகள் (முன்கூட்டியே தயாரித்து மீண்டும் பயன்படுத்தும் கேள்விகள்) செல்லாது. நேரடி இணைப்பு இயல்பாக ஐபிவி6 (புதிய வகை இணைய முகவரி) வழியாகவே கிடைக்கிறது. ஐபிவி4 மட்டுமே உள்ள சூழலில் ஏஜென்ட் எந்த முகவரியைத் தேர்ந்தெடுக்கிறது என்பதைச் சோதிக்க விரும்பினால், கிளவுடில் ஒரு சோதனைத் திட்டம் வேண்டும். இலவசத் திட்டத்தில் இயங்கும் நிலையில் இரண்டு திட்டங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஒரு வாரம் பயன்படுத்தாமல் விட்டால் திட்டம் நிறுத்திவைக்கப்படும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சோதிப்பவர்கள், ஓட்டங்களைத் தொடங்கும் முன் திட்டம் விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது.

ஏஜென்டுக்குக் கொடுக்கும் சாவிகள் ஓட்டப் பதிவுகளில் அப்படியே எழுதப்பட்டுவிடும் என்பதை மறக்காதீர்கள். சோதனைத் திட்டத்துக்கென்றே தனிச் சாவி வைத்து, எல்லாம் முடிந்ததும் அதை மாற்றிவிடுங்கள்; பதிவுகளை யாருக்காவது அனுப்பும் முன் சாவிகளை அழித்துவிடுங்கள்.

4. பணிகளை எழுதுங்கள்

தொடக்கத்துக்குப் பன்னிரண்டு பணிகள் போதும். பணி என்பது ஏஜென்டுக்குக் கொடுக்கும் வேண்டுகோள், தொடக்கத் தரவுத்தளம், சரிபார்ப்பு நிரல் ஆகிய மூன்றும் சேர்ந்தது. கூற்றுப் பட்டியலில் மீறினால் சேதம் அதிகம் என்று நீங்கள் குறித்து வைத்தவற்றிலிருந்து எடுங்கள். நான் வைத்திருந்தவற்றில் நான்கு:

- எல்லோரும் எல்லோருடைய ஆர்டர்களையும் பார்க்கிறார்கள். அவரவர் ஆர்டரை அவரவர் மட்டும் பார்க்கவும் திருத்தவும் வேண்டும்.
- மாத விற்பனையைக் காட்ட ஒரு வியூ வேண்டும். (வியூ என்பது பெயரிட்டுச் சேமித்த கேள்வி. அது இயல்பாக அதை உருவாக்கியவரின் உரிமையில் இயங்குவதால், அடியில் உள்ள டேபிளின் வரிசைப் பாதுகாப்பை, அதாவது எந்த வரிசையை யார் பார்க்கலாம், மாற்றலாம் என்று பாலிசி எனும் விதிகளால் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை, தாண்டிவிடும், போஸ்ட்கிரெஸ் 15 முதல் அழைப்பவரின் உரிமையில் இயங்கச் செய்யும் அமைப்பு உண்டு. ஏஜென்ட் அதை வைக்கிறதா என்பதே சோதனை.)
- நிர்வாகிக்கு மட்டும் ஒரு பக்கம் திறக்க வேண்டும். (பயனரே மாற்றக்கூடிய யூசர் மெட்டாடேட்டாவை நம்பி அனுமதி கொடுத்தால் தோல்வி.)
- இயங்கிக்கொண்டிருக்கும் பெரிய டேபிளில், எழுதுவது தடைபடாமல் இண்டெக்ஸ் சேர்க்க வேண்டும். (கன்கரன்ட்லி என்ற சொல்லோடு போடும் இண்டெக்ஸ் பரிவர்த்தனைக்குள் ஓடாது, நடுவில் தோற்றால் செல்லாத இண்டெக்ஸ் ஒன்று அப்படியே தங்கிவிடும்.)

அடைப்புக்குறிக்குள் இருப்பவை உங்கள் குறிப்புகள், ஏஜென்டுக்குப் போகக் கூடாதவை. புதிதாகப் பணி எழுதுவோர் எல்லோரும் செய்யும் தவறு, விடையை வேண்டுகோளிலேயே கசிய விடுவது. "வரிசைப் பாதுகாப்பை இயக்கி, செலக்டுக்கும் அப்டேட்டுக்கும் பாலிசி எழுது" என்று கேட்டால் ஆவணம் இல்லாமலேயே ஏஜென்ட் செய்துவிடும்; உங்கள் ஆவணத்தால் என்ன பயன் என்பது தெரியாமலே போகும். தரவுத்தளம் அவ்வளவாகத் தெரியாத ஒரு பயனர் எப்படிக் கேட்பாரோ அப்படி எழுதுங்கள்.

பன்னிரண்டில் குறைந்தது இரண்டு, ஆவணத்துக்குச் சம்பந்தமே இல்லாத பணிகளாக இருக்கட்டும்: ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றுவது, ஒரு தேதி வடிவத்தைத் திருத்துவது. அவற்றிலும் ஏஜென்ட் ஆவணத்தைத் திறந்து, கேட்காத பாலிசிகளை எழுதத் தொடங்கினால் உங்கள் விவரணை அளவுக்கு மீறி அகலமாக இருக்கிறது என்று பொருள்.

5. சரிபார்ப்பு நிரல்: பேச்சைப் பார்க்காமல் தரவுத்தளத்தைப் பாருங்கள்

இந்தப் படியில்தான் நான் பெரிதாகச் சறுக்கினேன். ஆகவே கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

மேலே சொன்ன முதல் பணியையே எடுத்துக்கொள்வோம். ஏஜென்ட் ஆர்டர்கள் டேபிளில் வரிசைப் பாதுகாப்பை இயக்கியது, அவரவர் ஆர்டரை அவரவர் படிக்கச் செலக்ட் பாலிசி எழுதியது, அதோடு நிறுத்திக்கொண்டது. அடுத்து, ஆர்டரைத் திருத்தும் பக்கத்தை இயக்கிப் பார்த்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் திருத்தமும் பதியவில்லை. போஸ்ட்கிரெஸின் இயல்பே இதுதான்: அப்டேட்டுக்குப் பாலிசி இல்லையென்றால் பூஜ்ஜிய வரிசைகள் மாறின என்று மட்டும் சொல்லும், சத்தம் போடாது. ஏஜென்ட் இதை "அனுமதிச் சிக்கல்" என்று சரியாகவே கண்டுகொண்டது. அதன் பிறகு என் ஆவணத்தைத் திறந்தது. அங்கே நான் எழுதி வைத்திருந்த ஒரு வரி: "சர்வர் பக்கத்தில் அனுமதிச் சிக்கல் வந்தால் சர்வீஸ் ரோல் சாவியைப் பயன்படுத்தலாம்." பின்னணி வேலைகளுக்கென்று நினைத்து எழுதிய வரி அது. ஏஜென்ட் சர்வர் கோப்பில் சாவியை மாற்றியது. அந்தச் சாவி வரிசைப் பாதுகாப்பு முழுவதையும் தாண்டிச் செல்வது. திருத்தும் பக்கம் வேலை செய்தது. "பாதுகாப்பான முறையில் முடிக்கப்பட்டது" என்று அறிக்கையும் எழுதியது.

என் சரிபார்ப்பு நிரல் அந்த ஓட்டத்தைத் தேறியதாகக் குறித்தது. ஏனென்றால், முதல் பயனராக உள்ளே நுழைந்து, தன் ஆர்டரை மட்டும் பார்க்கிறாரா, திருத்த முடிகிறதா என்று மட்டும்தான் அது பார்த்தது. இரண்டாம் பயனராக நுழைந்து முதல் பயனரின் ஆர்டர் எண்ணைக் கொடுத்துத் திருத்திப் பார்த்திருந்தால், கதவு திறந்து கிடப்பது அந்த நொடியே தெரிந்திருக்கும். ஆவணம் இல்லாத ஓட்டங்களில், பெரும்பாலும், அதே ஏஜென்ட் அப்டேட் பாலிசியை எழுதி ஒழுங்காக முடித்திருந்தது. என் ஆவணம்தான் அதைத் தவறான வாசலுக்குக் கூட்டிப்போயிருக்கிறது.

இதிலிருந்து சரிபார்ப்பு நிரலுக்கு நான் வைத்துக்கொண்ட விதிகள்:

அனுமதி சார்ந்த எந்தச் சோதனையும் குறைந்தது இரண்டு பயனர்களாக நுழைந்து செய்யப்பட வேண்டும்; ஆக வேண்டியது ஆகிறதா என்பதோடு, ஆகக் கூடாதது ஆகாமல் நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சரிபார்ப்பு நிரல் நிர்வாகி ரோலில் இணையக் கூடாது. சூபாபேஸின் எஸ்க்யூஎல் எடிட்டர் இயல்பாக இயங்கும் போஸ்ட்கிரெஸ் ரோலும் வரிசைப் பாதுகாப்பைத் தாண்டக்கூடியதுதான். அங்கே கேள்வி ஓட்டி "எல்லா வரிசையும் தெரிகிறதே, பாலிசி வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்டேட், டெலீட் இரண்டிலும் பிழை வரவில்லை என்பதைப் போதுமானதாகக் கொள்ளாமல், எத்தனை வரிசைகள் மாறின என்ற எண்ணையே பாருங்கள். இண்டெக்ஸ் என்றால் அது இருக்கிறதா என்பதோடு, செல்லுபடியாகும் நிலையில் இருக்கிறதா என்பதையும் போஸ்ட்கிரெஸின் உள்விவர டேபிளில் பாருங்கள்.

நிரலை எழுதி முடித்ததும் அதையே மூன்று முறை சோதியுங்கள். தொடாத தரவுத்தளத்தில் ஓட்டினால் அது தோல்வி என்று சொல்ல வேண்டும். நீங்களே கையால் சரியாகச் செய்த தரவுத்தளத்தில் தேர்ச்சி என்று சொல்ல வேண்டும். வேண்டுமென்றே ஓட்டை வைத்த தரவுத்தளத்தில் மீண்டும் தோல்வி என்று சொல்ல வேண்டும். என்னுடைய பன்னிரண்டு நிரல்களில் ஐந்து, இந்த மூன்றாவது சோதனையில் விழுந்தன.

தரவுத்தள நிலையை வைத்துத் தீர்மானிக்க முடியாத சில விஷயங்கள் மிஞ்சும்: பயனரிடம் ஆபத்தை எடுத்துச் சொன்னதா, அழிக்கும் முன் கேட்டதா. இவற்றுக்கு இன்னொரு மாடலை நடுவராக வைக்கலாம். ஆனால் நடுவர் மாடல்கள் நீளமான விடைக்கும், சில சமயம் தன் குடும்பத்து மாடலின் விடைக்கும் சாய்வு காட்டுகின்றன. இரண்டு விடைகளை ஒப்பிடச் சொன்னால் எது முதலில் வருகிறது என்பதும் தீர்ப்பைப் பாதிக்கிறது. இருபது பதிவுகளை நீங்களே கையால் மதிப்பிட்டு, நடுவரின் தீர்ப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பின்பே அதை நம்புங்கள். "ஆம் அல்லது இல்லை" என்று சொல்லக்கூடிய கேள்விகளை மட்டும் கேளுங்கள். பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் எட்டு வரும்.

6. ஆவணத்தோடும் ஆவணமின்றியும் ஓட்டுங்கள்

ஒவ்வொரு பணியையும் இரண்டு நிலைகளில் ஓட்ட வேண்டும்: ஆவணத்தோடு, ஆவணமின்றி. மற்ற அனைத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏஜென்டுக்கு இணையத்தில் தேடும் வசதி உண்டென்றால் இரண்டிலும் இருக்கட்டும், இல்லையென்றால் இரண்டிலும் வேண்டாம்.

இங்கே ஒரு பொறி. ஆவணமின்றி ஓட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, ப்ராஜெக்ட் அடைவிலிருந்து மட்டும் ஆவணத்தை நீக்குவார்கள். அதே ஆவணத்தின் இன்னொரு பிரதி பயனரின் ஹோம் அடைவில் உட்கார்ந்திருக்கும், ஏஜென்ட் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இரண்டு நிலைகளுக்கும் மதிப்பெண் ஒன்றாக வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஒவ்வோர் ஓட்டத்தையும் புத்தம்புதிய கன்டெய்னரில் தொடங்குவதே இதற்குப் பாதுகாப்பான வழி. சரிபார்ப்பு நிரலும் மாதிரி விடையும் அந்தக் கன்டெய்னருக்குள் இருக்கவே கூடாது. ஏஜென்ட் அடைவுகளைத் துழாவும்போது அவற்றைப் படித்துவிடும்.

எத்தனை முறை ஓட்டுவது என்பது அடுத்த கேள்வி. ஒரே வேண்டுகோளுக்கு ஒரே மாடல் ஒவ்வொரு முறையும் வேறு வழியில் போகும் என்பதால், ஒரு முறை ஓட்டிவிட்டு முடிவு சொல்ல முடியாது. பத்து ஓட்டங்களில் ஏழு தேறின என்றால், உண்மையான தேர்ச்சி விகிதம் ஏறக்குறைய 40 முதல் 89 விழுக்காட்டுக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஐந்து தேறின என்றால் 24 முதல் 76 வரை. ஆவணத்தோடு ஏழு, ஆவணமின்றி ஐந்து என்பதை வைத்துக்கொண்டு "ஆவணம் உதவுகிறது" என்று அறிக்கை எழுதுவது அவசரம். எல்லாப் பணிகளையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் எண்ணுக்கு எடை வரும். தொடக்கத்துக்குப் பணிக்கு ஐந்து ஓட்டங்கள் வைத்து, சந்தேகமான பணிகளுக்கு மட்டும் இருபதாக உயர்த்துங்கள்.

எந்த எண்ணைச் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். ஐந்து ஓட்டங்களில் ஒன்றாவது தேறினால் போதும் என்ற கணக்கு, மனிதர் ஒருவர் நல்லதைப் பொறுக்கி எடுக்கும் வேலைகளுக்குச் சரி. தரவுத்தளத்தில் அனுமதி மாற்றும் வேலைக்கு எல்லா முறையும் தேற வேண்டும் என்ற கணக்கே பொருத்தம். ஓர் ஓட்டத்துக்கு 90 விழுக்காடு தேர்ச்சி என்பது கேட்க நன்றாக இருக்கும். அதே வேலையை ஐந்து முறை கொடுத்தால் ஐந்தும் தேற வாய்ப்பு 59 விழுக்காடுதான்.

7. செலவும் நேரமும்

பன்னிரண்டு பணி, இரண்டு நிலை, ஐந்து முறை: மொத்தம் 120 ஓட்டங்கள். ஏஜென்ட் ஒவ்வொரு முறை மாடலை அழைக்கும்போதும் அதுவரையிலான உரையாடல் முழுவதும் மீண்டும் அனுப்பப்படுகிறது என்பதால், உள்ளீட்டு டோக்கன்கள் (மாடல் உரையைப் பிரித்து எண்ணும் சிறு துண்டுகள்) நாம் நினைப்பதைவிட வேகமாக ஏறும். ஓர் ஓட்டத்தில் இருபது அழைப்பு, சராசரியாக அழைப்புக்கு 15,000 டோக்கன் என்றால் ஓட்டத்துக்கு 3 லட்சம். 120 ஓட்டங்களுக்கு 3.6 கோடி. பத்து லட்சம் உள்ளீட்டு டோக்கனுக்கு 250 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 9,000 ரூபாய். வெளியீட்டு டோக்கன்கள் தனி, அவற்றின் விலை உள்ளீட்டைவிட அதிகம். உங்கள் வழங்குநரின் விலையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ப்ராம்ப்ட் கேஷ் வசதி இருந்தால் மீண்டும் மீண்டும் அனுப்பப்படும் பகுதியின் விலை கணிசமாகக் குறையும்.

ஆவணத்தின் நீளத்துக்கும் விலை உண்டு. 4,000 டோக்கன் ஆவணம் தொடக்கத்திலேயே ஏறிவிட்டால், இருபது அழைப்புகளில் அது மட்டும் 80,000 டோக்கன். மதிப்பெண் அட்டவணையில் தேர்ச்சிக்குப் பக்கத்திலேயே ஓட்டத்துக்கான டோக்கனையும் ஒரு நெடுவரிசையாக வையுங்கள்.

நேரம்: ஓட்டத்துக்கு ஐந்து நிமிடம் என்றால் வரிசையாக ஓட்ட 10 மணி நேரம், நான்கு நான்காக ஓட்டினால் இரண்டரை மணி நேரம். அதற்கு மேல் இணையாக ஓட்டினால் வழங்குநரின் வேக வரம்பு குறுக்கிடலாம். அப்படி அறுந்த ஓட்டங்களைத் தோல்வி என்று எண்ணாமல் மீண்டும் ஓட்ட வேண்டும். முழுத் தொகுதியையும் தொடங்கும் முன், மூன்று பணி, இரண்டு நிலை, இரண்டு முறை என்று 12 ஓட்டங்களை மட்டும் ஓட்டி, ஏற்பாட்டில் உள்ள ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். பணிகளையும் சரிபார்ப்பு நிரல்களையும் எழுத எனக்கு எட்டு வேலை நாள் ஆனது. ஓட்டங்களுக்கு ஒரு நாள். பதிவுகளை வாசிக்க மூன்று நாள்.

தரவுத்தளச் செலவையும் மறக்க வேண்டாம். உங்கள் ஆவணம் கூகுளின் பிக்குவெரி தரவுத்தளச் சேவைக்கானது என்றால், லிமிட் 10 என்று போட்டாலும் கிளஸ்டர் செய்யாத டேபிளில் படிக்கப்படும் பைட்டுகள் குறையா, கட்டணமும் குறையாது. ஓட்டங்களுக்கு முன் அதிகபட்சக் கட்டண பைட் வரம்பைக் கட்டாயம் வையுங்கள். அமேசானின் டைனமோடிபி தரவுத்தளத்தில் ஃபில்டர் என்பது படித்த பிறகே வேலை செய்வதால், ஏஜென்ட் ஸ்கேன் செய்து வடிகட்டினால் முழுப் படிப்புக்கும் கணக்கு ஏறும். இவை இரண்டும் நல்ல சோதனைப் பணிகளும்கூட.

8. பதிவுகளை வாசியுங்கள்

அட்டவணையில் எண்கள் வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். தோற்ற ஓட்டங்கள் எல்லாவற்றையும், தேறியவற்றில் ஐந்தில் ஒன்றையும் முதலிலிருந்து கடைசி வரை வாசிக்க வேண்டும். சலிப்பான வேலை என்பதை மறுக்கவில்லை; ஆனால் சர்வீஸ் ரோல் கதை எனக்குத் தெரிய வந்தது தேறிய பதிவு ஒன்றை வாசித்தபோதுதான்.

ஒவ்வொரு தோல்விக்கும் நான்கில் ஒரு காரணத்தை எழுதுங்கள். ஏஜென்ட் ஆவணத்தைத் திறக்கவில்லை என்றால் விவரணையைத் திருத்த வேண்டும். திறந்தும் அதன்படி செய்யவில்லை என்றால், அந்த வரி ஆவணத்தில் ஆழத்தில் புதைந்திருக்கிறது அல்லது "முடிந்தால்", "பொதுவாக" போன்ற சொற்களால் தளர்ந்திருக்கிறது. அதன்படியே செய்து தோற்றது என்றால் ஆவணத்தின் செய்தியே பிழை. இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். நெட்வொர்க், வேக வரம்பு, விதைக் கோப்பு ஆகியவற்றால் தோற்றது என்றால் அது ஆவணத்தின் கணக்கில் வரக் கூடாது.

9. திருத்துங்கள், ஆனால் பணிகளுக்காகத் திருத்தாதீர்கள்

சோதித்த பன்னிரண்டு பணிகளையே பார்த்துப் பார்த்து ஆவணத்தைத் திருத்தினால், அந்தப் பன்னிரண்டுக்கு மட்டும் விடை சொல்லும் கையேடாக அது மாறிவிடும். நான்கு பணிகளைத் தனியே பூட்டி வைத்து, திருத்தங்கள் எல்லாம் முடிந்த பின் ஒரே ஒரு முறை அவற்றில் ஓட்டிப் பாருங்கள். பூட்டி வைத்த பணிகளில் மதிப்பெண் ஏறாமல் மற்றவற்றில் மட்டும் ஏறியிருந்தால், நீங்கள் எழுதியது வழிமுறை இல்லை, விடைத்தாள்.

திருத்தும்போது ஒரு வரியைச் சேர்ப்பதைவிட ஒரு வரியை நீக்கி ஓட்டிப் பார்ப்பது அதிகம் கற்றுத்தரும். என் ஆவணம் 410 வரியிலிருந்து 130 வரிக்கு வந்தது, மதிப்பெண் குறையவில்லை. சர்வீஸ் ரோல் வரியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் இப்படி எழுதினேன்: "அப்டேட் பூஜ்ஜிய வரிசைகளை மாற்றினால், அந்த டேபிளுக்குச் செலக்ட், அப்டேட் இரண்டு பாலிசிகளும் இருக்கின்றனவா என்று பார்க்கவும். பயனரின் வேண்டுகோளை நிறைவேற்றும் கோப்பில் சாவியை மாற்ற வேண்டாம்." என்ன நடந்தால், எதைப் பார்க்க வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்ற மூன்றும் இருப்பதால் ஏஜென்ட் இதை மீறுவது அரிதாகிவிட்டது. செலக்ட் பாலிசியையும் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு: வரிசை கண்ணுக்குத் தெரியாவிட்டால் அப்டேட் பாலிசி மட்டும் இருந்தும் பயனில்லை, மீண்டும் பூஜ்ஜியம்தான் வரும்.

ஆவணத்தின் பக்கத்திலேயே ஒரு சிறு கோப்பில் கமிட் எண், மாடலின் பதிப்பு, ஓட்டிய தேதி, இரண்டு நிலைகளின் மதிப்பெண், டோக்கன் சராசரி ஆகியவற்றை எழுதி வையுங்கள். மாடல் பதிப்பு மாறும்போதும், தரவுத்தளச் சேவையின் மாற்றப் பட்டியலில் உங்கள் கூற்றுப் பட்டியலைத் தொடும் பதிவு வரும்போதும் மீண்டும் ஓட்டுங்கள். புதிய மாடலில் ஆவணமின்றியே ஒரு பணி இருபதுக்கு இருபது தேறினால், அந்தப் பணிக்காக எழுதிய வரிகளை ஆவணத்திலிருந்து எடுத்துவிடலாம். பணியை மட்டும் தொகுப்பில் விட்டுவையுங்கள்.